கூகுளா, டக்டக்கோவா, பிங்கா? தமிழில் தேடுகிறவர்களுக்கு

தமிழில் தேட எது நல்லது என்று கேட்டால், கூகுள் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாத் தேடலுக்கும் அல்ல.

ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்து வரிசைப்படுத்தியதால்தான் 1998-இல் வந்த கூகுள் மற்றவற்றை முந்தியது. இன்றும் தமிழ்ப் பக்கங்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான் என்பது என் அனுபவம். எழுத்துப்பிழையோடு அடித்தாலும், 'பட்டா சிட்டா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது.

எந்தத் தேடுபொறியானாலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: வேற்றுமை உருபு. மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்களை அப்படியே தேடும்; அதனால் 'வீராணம் ஏரி' என்று போட்டால், 'வீராணம் ஏரியின்' என்று மட்டும் எழுதியுள்ள பக்கம் தப்பிவிடலாம். பழமொழி, பாட்டு வரி போல உருமாறாத தொடர்களுக்கு மட்டும் அந்தக் குறியை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு ஏரி, ஏரியின், ஏரியில் என்று மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். புதுப் பக்கங்கள் வந்து விழும்.

அடுத்து டக்டக்கோ, 2008-இல் வந்தது. யார் எதைத் தேடினார்கள் என்று அது சேர்த்து வைப்பதில்லை. விளம்பரம் வந்தாலும் அப்போது அடித்த சொல்லைப் பொறுத்துத்தான் வரும். அம்மாவின் மருத்துவ அறிக்கையில் இருந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தேடியபோது நான் போனது இங்கேதான். அந்தக் கவலை எங்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். நோய், கடன், குடும்பப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன். ஆனால் நீங்கள் சொடுக்கி உள்ளே போகும் தளம் உங்களைக் கண்காணிக்கலாம், அதை மறந்துவிடாதீர்கள். இன்னொரு வசதி: ஆச்சரியக்குறி போட்டு, ஒட்டியே ஆங்கில 'டபிள்யூ' அடித்து, இடம்விட்டுத் தலைப்பை எழுதினால் நேரே விக்கிபீடியாவில் போய் நிற்கும்.

சரி, பிங்? மைக்ரோசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்தது. டக்டக்கோவின் முடிவுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. அதனால் டக்டக்கோவில் கிடைக்காததைப் பிங்கில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. இரண்டாவது கருத்து வேண்டுமானால், இணையப் பக்கங்களைத் தானே திரட்டிச் சொந்த அட்டவணை வைத்திருக்கும் 'பிரேவ் தேடல்' என்ற தேடுபொறிக்குப் போங்கள்.

ஒன்றுக்கு மட்டும் இவற்றில் எதையுமே நம்பாதீர்கள்: வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை வங்கியின் எண் போலவே இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழையுங்கள்.