மணிக்கணக்கா, மொத்தத் தொகையா, மாதச் சம்பளமா? டிசைன் வேலைக்குக் கூலி பேசும் மூன்று வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தனியாக டிசைன் தொழில் செய்பவருக்கு வாடிக்கையாளர் வருவது பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான். சாட்ஸ்வர்த்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் அங்கிள், ஃபீனிக்ஸில் கேட்டரிங் செய்யும் ஆன்ட்டி, கோயில் கமிட்டிச் செயலாளர், அவர் அனுப்பிவைத்த பல் டாக்டர். அங்கிளிடம் போய்க் காசு பேசுவதா என்ற கூச்சத்திலேயே வேலை தொடங்கிவிடும். சில மாதத்தில் இரண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டிசைன் பிடிக்காமல் பிரிந்தவர்களைவிட, எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசாமல் பிரிந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை எவ்வளவு இழுக்கும் என்று தொடக்கத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த இழுவையின் செலவை யார் ஏற்பது என்பதில்தான் இந்த மூன்று வழிகளும் வேறுபடுகின்றன. மணிக்கணக்கு என்றால் வாடிக்கையாளர் ஏற்கிறார். மொத்தத் தொகை என்றால் டிசைனர் ஏற்கிறார். மாதச் சம்பளம் மாதிரி பேசிக்கொள்ளும் ரிட்டெய்னரில் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ‘முதலில் செய்து காட்டுங்கள், பிடித்தால் பணம்’ என்று நாலாவது வழி ஒன்றும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை.

மணிக்கணக்கு கேட்க நேர்மையாகத்தான் இருக்கும். ஆனால் கை வேகமாக ஓடும் அனுபவசாலிக்குக் குறைவாகவும், தடவித் தடவிச் செய்பவருக்கு அதிகமாகவும் கூலி தருகிற முறை அது. கடைக்காரருக்கும் மீட்டர் ஓடுகிறதே என்று உள்ளுக்குள் பதைப்பு. அதனால் அவர் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்காமல் விட்டுவிடுவார், வேலை கெடும். இருந்தாலும் சில வேலைக்கு இதுதான் பொருத்தம்: வேறொருவர் பாதியில் விட்ட ஃபைலைச் சரிசெய்வது, அச்சகத்தில் கூடவே நின்று நிறம் பார்ப்பது, இன்னும் ஒரு முடிவுக்கு வராத கமிட்டியோடு உட்கார்ந்து பேசுவது. இப்படிப் பேசினால் ஓர் உச்சவரம்பு வையுங்கள். ‘10 மணி நேரத்தைத் தாண்டும் முன் உங்களைக் கேட்பேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிப் பதைப்பு அடங்கிவிடும்.

மொத்தத் தொகைதான் கடைக்காரர்களுக்குப் பிடித்தது. எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆபத்தும் இங்கேதான் அதிகம். மசாலா பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் என்று பேச்சு தொடங்கும். 200 கிராமுக்குச் செய்தது 500 கிராமுக்கும் வேண்டும், காரம் குறைந்த வகைக்கு வேறு நிறம் வேண்டும். அப்புறம் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலும் பார்கோடும் ஏறும். ‘அப்படியே ஃபேஸ்புக்குக்கும் ஒன்று போட்டுத் தாருங்களேன், டெலிவரி வண்டிக் கதவுக்கும்’ என்பார். கேட்பவர் ஏமாற்ற நினைத்துக் கேட்பதில்லை. அவருக்கு அது எல்லாமே ‘அந்த லேபிள்’தான். எது அடக்கம், எது அடக்கமில்லை என்று கொட்டேஷனிலேயே எழுதி, தனித்தனி விலையும் போட வேண்டியது நம் பொறுப்பு. எத்தனை முறை திருத்தித் தருவோம், எது திருத்தம், எது புது வேலை என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குவது திருத்தம். யானைப் படத்தை எடுத்துவிட்டு மயில் கேட்டால் அது புது வேலை. பாதிப் பணம் முன்னால், மீதி இறுதி ஃபைல் கை மாறும் முன்னால் என்பது என் வழக்கம்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாட் பற்றி ஒன்றுமே சொல்லாமல் 10,000 ரேண்ட் என்று சொன்னால், அதற்குள் 15 சதவீத வாட் அடக்கம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1,304 ரேண்ட் நம் கையை விட்டுப் போகும்.

தமிழ் எழுத்து உள்ள வேலைக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். தைப்பூசக் காவடி போஸ்டரை அச்சகத்துக்கு அனுப்புகிறோம். அந்தக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துரு இல்லாமலே தெரியும்படி எழுத்தைப் படம் மாதிரி உருவக்கோடாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புவது டிசைனர் வேலை. ஆனால் பிழை பார்ப்பது யார் வேலை? இங்கே பல தலைமுறையாக வீட்டுப் பேச்சு ஆங்கிலம். கமிட்டியில் ‘ஓகே’ சொல்பவருக்கே தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். சாமி பெயரில் பிழையோடு போஸ்டர் ஒட்டப்பட்ட பிறகு யாரைக் குறை சொல்வது? தமிழைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடப் போகிறவர் யார் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள். இதை நான் எந்த வேலையிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

ரிட்டெய்னர், இரண்டு பக்கமும் பழகிய பிறகு சரிப்படும். மாதம் இத்தனை மணி நேரம், இவ்வளவு தொகை, பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்தோடு காலாவதி, நிறுத்துவதானால் ஒரு மாத முன்னறிவிப்பு. நிலையான வருமானம் பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒரே வாடிக்கையாளருக்கு அவர் ஆபீஸிலேயே உட்கார்ந்து, அவர் மேற்பார்வையில் வேலை பார்த்தால், வரிச் சட்டம் உங்களைச் சுதந்திரத் தொழில் செய்பவராகப் பார்க்காமல் போகலாம். அப்போது சம்பளத்தில் பிடிப்பதுபோல அவர் வரி பிடித்தாக வேண்டும். தொழிலாளர் சட்டமும் உண்டு. குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருப்பவர் ஒரே இடத்துக்குக் கடந்த மூன்று மாதமாகச் சராசரியாக மாதம் 40 மணி நேரம் வேலை செய்திருந்தால், அவர் ஊழியர் என்றே அது அனுமானிக்கும். இது உங்களுக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம், வாடிக்கையாளர் பின்வாங்கக் காரணமாகவும் ஆகலாம். இருவரும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

எந்த வழியில் பேசினாலும் உரிமை விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். காசு கொடுத்தேன், லோகோ என்னுடையது என்று கடைக்காரர் நினைக்கிறார். 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, டிசைனர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை லோகோவின் காப்புரிமை டிசைனரிடமே இருக்கும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கோ கதை தலைகீழ்: வேறு ஏற்பாடு பேசாவிட்டால் அது எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். விலைக்கும் வேலைக்கும் வாட்ஸ்அப்பில் வந்த ‘சரி’ பொதுவாகப் போதும். காப்புரிமை மாற்றத்துக்கு அது போதாது, தாளில் மையால் கையெழுத்துப் போடுவதுதான் சுலபம். முழுப் பணமும் வந்த அன்று தேர்ந்தெடுத்த லோகோவை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒதுக்கிய மாதிரிகள் என்னிடமே இருக்கும்.

பணம் வரவில்லையென்றால், பேசியதை எழுதி வைத்திருப்பவருக்கு வழி உண்டு. 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்பலாம், அப்புறம் 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வக்கீல் வாதாட முடியாது. தனிநபர் ஒரு நிறுவனத்தின்மீது வழக்குப் போடலாம், நிறுவனம் அங்கே வழக்குப் போட முடியாது. சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்கு இது நல்ல வசதி. நிலுவை கேட்க மூன்று ஆண்டுதான் கெடு என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த கடைக்காரருக்கு மொத்தத் தொகை. இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கு முதல் கட்டம் மட்டும் மணிக்கணக்கு, பிறகு மொத்தத் தொகை. ஒரு வருடமாவது சேர்ந்து வேலை செய்தவருக்கு ரிட்டெய்னர். கோயில் வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை. ஆனால் பில் போகும், முழு விலையும் போட்டு, ‘காணிக்கை’ என்று கழித்து. இரண்டு முறைதான் திருத்தம் என்ற வரியும் அதில் இருக்கும்.