டொரண்டோவுக்கு அம்மா அப்பாவ அனுப்புறவங்க இத படிச்சிட்டு டிக்கெட் போடுங்க, எங்களுக்கு 72,400 ரூபா போச்சு

நேத்து ராத்திரி நடந்தது, இன்னும் கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அக்காவுக்கு டொரண்டோல இந்த மாசம் டெலிவரி. அம்மாவுக்கு 63 வயசு, சுகர், முட்டி வலி, பிளைட்ல ஏறுறதே முதல் தடவ. ஒரு இடத்துல துபாய் வழியா ஒரே டிக்கெட், 26 மணி நேரம்னாங்க. எங்க ஏரியா டிராவல்ஸ் கடைக்காரர் (பேர் போடல) அத கேட்டுட்டு "26 மணி நேரமா, என் அம்மாவா இருந்தா அனுப்ப மாட்டேன் தம்பி"ன்னார். அந்த ஒரு வார்த்தைல விழுந்துட்டோம். போன்ல காட்டினார், சென்னை டு டொரண்டோ 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம். "நைட்டு எட்டரைக்கு ஏறினா காலைல ஒம்போதுக்கு டொரண்டோ, டெல்லில மட்டும் மாறணும்". அம்மா வெளிய வந்து தங்கமான புள்ளன்னு சொன்னாங்க.

அந்த 15 மணி நேரம் தூரத்த 900 கிலோமீட்டர் வேகத்தால வகுத்த கணக்கு, நிக்காம பறந்தா. சென்னைல இருந்து டைரக்ட் பிளைட்டே கெடையாது. எட்டரை டு ஒம்போது பன்னெண்டரை மணி நேரம் மாதிரி தெரியும், ஆனா டொரண்டோ கோடை நேரக் கணக்குல நம்மள விட ஒம்போதரை மணி நேரம் பின்னாடி, அதையும் சேத்தா 22. சரி அது கூட பரவால்ல. நேரத்த கம்மியா காட்ட அந்தாளு ரெண்டு தனித்தனி டிக்கெட்ட போட்டு, அவர் லெட்டர்பேடுல ஒரே பயணம் மாதிரி டைப் பண்ணி குடுத்திருக்கார், பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்) ரெண்டுன்னே எங்களுக்கு தெரியாது.

சென்னை பிளைட் ஒன்றரை மணி நேரம் லேட். டெல்லில டெர்மினல் 1ல எறங்கி, பெட்டி வர்ற வரைக்கும் நின்னு, வேற பக்கம் இருக்கிற டெர்மினல் 3க்கு அம்மா போய் சேர்றதுக்குள்ள கவுன்ட்டர் மூடிட்டாங்க. ஹிந்தியும் தெரியாம போன்ல அழுறாங்க, நான் இங்க தாம்பரத்துல உக்காந்து என்ன பண்ண. ஏர்லைன்ல கேட்டா ரெண்டும் வேற வேற டிக்கெட், நோ ஷோ (நேரத்துக்கு வரலன்னு கணக்கு), ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. 72,400 ரூபா!

கடைக்காரருக்கு பதினோரு தடவ அடிச்சேன். மொதல்ல "பிளைட் லேட்டானதுக்கு நான் என்னங்க பண்றது". அப்புறம் "காலைல பேசலாம்". காலைல கடைக்கே போனா பையன் மட்டும் இருக்கான், ஓனர் ஊர்ல இல்லயாம். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. அப்பாவோட ரிடயர்மென்ட் காசுங்க அது, 72,400.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல. பிஎன்ஆர் ஒண்ணா ரெண்டான்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. ஏர்லைன் அனுப்புற ஈடிக்கெட்ட வாங்குங்க, கடைக்காரர் டைப் பண்ணது வேணாம். பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமான்னு கேளுங்க. பணத்த அக்கவுன்ட்லயே போடுங்க, நாங்க கேஷா குடுத்துட்டோம்.

அம்மா இன்னும் டெல்லிலதான் இருக்காங்க, சொந்தக்காரர் ஒருத்தர் வீட்ல. அக்காகிட்ட இன்னும் முழுசா சொல்லல.