உலகப் புராணக் கதைத் தொகுப்பு: மகளோடு மூன்று வாரம் படித்த பிறகு

மகளுக்கு ராத்திரியில் படித்துக் காட்ட ஆன்லைனில் வாங்கினேன். மூன்று வாரமாகியும் அலுக்கவில்லை.

கானாவின் அக்கான் மக்களுடைய அனான்சி கதை ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். உலகத்துக் கதைகள் எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருக்க, சிலந்தி அனான்சி அவற்றை விலைக்குக் கேட்கிறான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம் எல்லாவற்றையும் பிடித்து வரவேண்டும், அதுதான் விலை. "நீ நீளமா, இந்தக் கம்பு நீளமா?" என்று கேட்டுப் பாம்பைக் கம்போடு நீட்டிப் படுக்கவைத்து அவன் கட்டுகிற படம் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது, ஒவ்வொரு கட்டையும் மகள் விரல் வைத்து எண்ணுவாள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் இந்தச் சிலந்தியை ஜமைக்கா வரை கொண்டுபோனார்கள். பலமில்லாதவன் புத்தியால் ஜெயிக்கிற கதை அங்கே அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கிரேக்கத்துப் பெர்செபொனி கதையும் அருமை. பாதாளத்தில் மாதுளை முத்தைத் தின்றதால் வருஷத்தில் சில மாதம் அவள் அங்கேயே இருக்கவேண்டும், அம்மா டிமீட்டரின் துக்கத்தில் பூமி விளையாது.

குறை என்றால் பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) கில்காமேஷ் காவியம். 1872இல் ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் ஸ்மித் களிமண் பலகையிலிருந்து படித்தெடுத்த, அதில் வருகிற வெள்ளக் கதைக்கு அரைப் பக்கம்தானா? அப்புறம், பைண்டிங் சுமார், இரண்டாம் வாரமே நடுத்தாள் கழன்றுவிட்டது.

ஆறு வயதுக்கு மேல் தாராளமாக வாங்கலாம். பெர்செபொனியை மட்டும் பகலில் படியுங்கள், அம்மாவைப் பிரிகிற இடத்தில் என் மகள் அழுதுவிட்டாள்.