ஜேர்மன் பேசப் பழக ஒரு மெய்நிகர் விருந்தாளி: நீண்ட காலப் பாவனையில் தெரிந்தவை

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வேலைக்கு ஆயத்தமாவோரும், வாழ்க்கைத் துணையோடு சேர விசாவுக்காக ஏ1 என்ற ஆரம்பநிலைப் பரீட்சை எடுப்போரும் திருகோணமலையில் ஜேர்மன் படிக்கிறார்கள். வகுப்பு விட்டால் பேசிப் பார்க்க ஆளில்லை. செயலியில் விருந்தாளிபோல் நடித்துக் குரலில் உரையாடும் ஏஐ பாத்திரங்கள் அதற்கு நன்றாக உதவுகின்றன. கூச்சம் தெளிய இதைவிட மலிவான வழி கிடையாது. உச்சரிப்பு விசயத்தில் மட்டும் அவற்றை நம்பவேண்டாம்.

பெரும்பாலான செயலிகள் முன்பின் பேச்சை வைத்துச் சொல்லை ஊகிக்கின்றன. உதட்டைக் குவித்து ‘ஏ’ சொல்லவேண்டிய ஒலியை (ö) வெறும் ‘ஓ’ என்று சொன்னாலும் திரையில் சரியான சொல்லே விழும். பாத்திரம் வேறு ‘மிக நன்று’ என்று பாராட்டிவிடும்! போன் கீபோர்டின் குரல் தட்டச்சை ஜேர்மனுக்கு மாற்றி, அதே சொல்லைத் தனியே சொல்லிப் பாருங்கள். ஊகிக்க எதுவும் இல்லாததால் பிழை பெரும்பாலும் பிடிபடும்.

எண்களில் கதை வேறு. ஜேர்மனில் 23 என்பது ‘மூன்றும் இருபதும்’; வரிசை புரண்டால் திரையில் 32 என்றே விழும். ஆகவே விலை பேசும் காட்சிகளை நிறையப் பழகலாம். நேரம் சொல்வதிலும் கவனம்: ‘ஹால்ப் ட்ரை’ (சொல்லுக்குச் சொல் ‘அரை மூன்று’) என்றால் 2.30, மூன்றரை அல்ல. புறாமலைப் படகு நேரத்தை இதில் பிழையாகச் சொன்னால் ஏச்சு நிச்சயம்.

தொடங்கும்போது இப்படிக் கட்டளை கொடுங்கள்: “நீ நிலாவெளியில் தங்கும் ஜேர்மன் பயணி. ஏ1 சொற்கள் மட்டும். மரியாதை வடிவில் பேசு. ஒரு முறைக்கு ஒரு கேள்வி, எட்டுச் சொல்லுக்குள். இடையில் திருத்தாதே. நான் முடிந்தது என்றதும் மூன்று பிழைகளைத் தமிழில் சொல்.” திருத்தாதே என்ற வரியை விட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இலக்கண வகுப்பு நடக்கும். பேச்சு நீள நீளப் பாத்திரம் கட்டளையை மறந்து கடின வாக்கியங்களுக்குத் தாவும். பத்துப் பன்னிரண்டு கேள்விகளோடு நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள்.

நாம் யோசிக்க நிறுத்தினால், பேசி முடித்தாயிற்று என்று எண்ணிச் செயலி குறுக்கிடும். அழுத்திப் பிடித்துப் பேசும் பொத்தான் இருந்தால் அதைப் பாவியுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலும் மின்விசிறியும் சேர்ந்து மைக்கைக் குழப்பும்; மைக் உள்ள வயர் இயர்போன் போதும். ஸ்பீக்கரில் கேட்டால் சில போன்களில் செயலி தன் குரலையே நம் குரலென்று எண்ணிப் பாதியில் நின்றுவிடும்.

ஏ1 வாய்மொழிப் பரீட்சையில் அட்டை எடுத்துச் சக பரீட்சார்த்தியிடம் கேள்வி கேட்கும் பகுதி குழுவாக நடப்பது. அதற்கு வகுப்பில் மூன்று நான்கு பேராக உட்கார்ந்து பழகத்தான் வேண்டும்.