ஸ்போர்ட்ஸ்டர் மோடம்: அத்தைக்கு விசில் அடித்த கதையோடு

யூஎஸ் ரோபாட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் 56கே, போன் லைன் வழியாகக் கணினிகளைப் பேசவைக்கும் மோடம், மேசை மேல் வைக்கும் டப்பா மாடல், பழைய சாமான் கடையில் 400 ரூபாய். இந்தக் காலத்தில் எதற்கு டயல்-அப் (போன் போட்டுக் கணினியை இணைக்கும் முறை) என்பவர்களுக்கு: ஊரில் அப்பா வீட்டில் ஒரு பழைய லினக்ஸ் கணினி கிடக்கிறது, இணையம் கிடையாது, லேண்ட்லைன் மட்டும் உண்டு, அதற்குள் இங்கிருந்தே நுழைய ஆசை. அதனால் இரண்டாக வாங்கினேன். அடாப்டர் இல்லாமல் வாங்குபவர்கள் கவனிக்கவும், இதற்கு 9 வோல்ட் ஏசி வேண்டும், ரவுட்டருடைய டிசி அடாப்டர் ஆகாது.

கூப்பிடும் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணினியில் ஏடிடிடி என்ற டயல் கட்டளையை அடித்து நம்பரைச் சேர்த்து என்டர் தட்டினால், டயல் டோன் இருக்கிறதா என்று தானே கேட்டுப் பார்த்து, டயல் செய்து, அந்தப் பழைய கீச்சுக் கூச்சலைப் போட்டு முடித்து, கனெக்ட் என்று திரையில் எழுதிவிடும். ஆபீஸ் லைனில் 0 போட்டு வெளியே போக வேண்டுமா, பூஜ்யத்துக்குப் பின் ஒரு கமா, இரண்டு விநாடி பொறுத்து மீதியை டயல் செய்யும். லைன் பிஸியா, ஏ/ என்று அடித்தால் போதும், என்டர்கூட வேண்டாம், பழைய கட்டளையை மறுபடி ஓட்டும். வாய்ஸ்மெயில் வந்து கிடக்கும் லைனில் டோன் விட்டு விட்டு வரும், அதைப் பார்த்து 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தால் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்துக்கொள்ளுங்கள், டோனுக்குக் காத்திருக்காது.

வரும் போனை எடுக்கும் வேலையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பின்பக்கம் எட்டுக் குட்டி ஸ்விட்ச் இருக்கும், ஐந்தாவதை மேலே தள்ளினால் ஆட்டோ ஆன்சர், முன்னால் ஏஏ விளக்கு எரியும். ஊரில் அப்படி வைத்துவிட்டு வந்து இரண்டு நாள் ஆகவில்லை, அத்தை என் செல்லுக்குக் கூப்பிட்டு, "ஏண்டா, உங்க அப்பா போன்ல யாரோ விசில் அடிக்கிறாங்க" என்றார். முதல் ரிங்கிலேயே மோடம் எடுத்து, எதிரே இருப்பது மோடமா அத்தையா என்று பார்க்காமல் 2100 ஹெர்ட்ஸில் ஊதியிருக்கிறது. மோடத்தின் தப்பு இல்லை, சொன்னதைச் செய்தது. எஸ்0=6 கொடுத்து &டபிள்யூ போட்டுச் சேமித்தால் ஆறாவது ரிங்கில்தான் எடுக்கும், அதற்குள் அப்பா எடுத்துவிடுவார்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஒரு நாள் கணினி உறைந்து நின்றுவிட்டது, ஆனால் மோடம் பாட்டுக்குப் போனை எடுத்து கனெக்ட் என்றும் சொல்கிறது, உள்ளே பேச ஆளில்லை, போன் கட்டணம் மட்டும் ஓடுகிறது. அதற்கப்புறம் எஸ்0=0 போட்டு ஆட்டோ ஆன்சரையே அணைத்துவிட்டேன். இப்போது எம்கெட்டி என்ற நிரல் மோடம் செருகியிருக்கும் சீரியல் போர்ட்டைக் கவனிக்கிறது, மோடம் 'ரிங்' என்று எழுதுவதை எண்ணி, நான் சொன்ன எண்ணிக்கை வந்ததும் அதுவே ஏடிஏ, அதாவது 'போனை எடு' என்ற கட்டளையை அனுப்புகிறது. கணினி செத்திருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், போன் வெறுமனே அடிக்கும், வேண்டியதும் அதுதான். (1978-ல் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூயெஸும் தொடங்கிய சிபிபிஎஸ் என்ற, மோடம் வழியாகக் கூப்பிட்டுப் படிக்கும் கணினி அறிவிப்புப் பலகையில் போன் மணி அடித்த பிறகுதான் கணினியே புதிதாகப் பூட் ஆகுமாம். அதுவும் நல்ல யோசனை.)

56கே என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எதிர்முனை டிஜிட்டல் லைனில் இருக்கும் இணைய நிறுவனமாக இருந்தால்தான் அந்த வேகம், அதுவும் இறங்கும் பக்கம் மட்டும். இரண்டு வீட்டு மோடங்களுக்கு நடுவில் 33,600 தான் உச்சம், எனக்குப் பெரும்பாலும் 26,400. எழுத்து மட்டும் ஓடும் டெர்மினலுக்கு அது தாராளம். ராத்திரி கூப்பிடுகிறவர்கள் எம்0 சேர்த்து ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீடே எழுந்துவிடும்.