தஞ்சாவூர்த் தம்புரா: ஆறு மாதம் மீட்டிப் பார்த்த பின்

பதினோரு வருடம், பாட்டுக்கு ஆதார ஸா தரும் சுருதிப் பெட்டியோடு பாடிவிட்டு, போன தை மாதம் தஞ்சாவூரில் ஒரு சின்னப் பட்டறையில் என் சுருதியான 5 கட்டைக்கு ஒரு தம்புரா வாங்கினேன். பலா மரம், நாலு கம்பி, உறையோடு சேர்த்து ரூ.32,000. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காசு கொடுத்தது மரத்துக்கு என்றாலும், உயிர் இருப்பது ஜீவாளியில். கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு துண்டுப் பருத்தி நூல், அவ்வளவுதான். பட்டறைப் பெரியவர் அதை நகத்தால் அரை நெல் அளவு நகர்த்தினார். அதுவரை மொட்டையாக 'டொங்' என்ற மந்தரக் கம்பி (கீழ் ஸா), சட்டென்று வண்டு மாதிரி ரீங்கரித்தது. அந்த ரீங்காரத்துக்குள் காது கொடுத்தால் அந்தர காந்தாரம், அதாவது 'க' சுரம், கேட்கிறது. நாலு கம்பியில் எதிலும் நாம் காந்தாரம் கட்டுவதில்லை. மந்தர ஸா 98 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 98 அதிர்வு. அதன் ஐந்து மடங்கு 490, அதுதான் தானாக எழும் காந்தாரம். கம்பியை ஓர் இடத்தில் மீட்டினால் சில மேல்சுரங்கள் (இப்படி மடங்காக எழுபவை) வரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. தம்புராவும் வீணையும் அதை மீறுகின்றன, வளைந்த குதிரைதான் காரணம் என்று சி.வி.ராமன் 1921-லேயே எழுதிவிட்டார். என் பழைய பெட்டியில் இந்தக் காந்தாரம் ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வயிறு கலங்கியது. மந்தரத்தை மீட்டினால் 'ஊம்... ஊம்...' என்று நொடிக்கு இரண்டு தரம் அலையடித்தது. குடத்தில் விரிசல் என்றே முடிவு கட்டிப் போன் போட்டேன். பெரியவர் கோபப்படவில்லை.

"எப்பவும் வருதா, விட்டு விட்டு வருதாம்மா?"

"விட்டு விட்டு."

"பக்கத்துல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

இருந்தது. அணைத்தேன், அலையும் நின்றது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். கரன்ட் நொடிக்கு 50 சைக்கிள், காந்தம் சைக்கிளுக்கு இரண்டு தரம் இழுக்கும், ஆக ஃப்ரிட்ஜின் முனகல் 100. உன் மந்தரம் 98. மிச்சம் இரண்டு, அதுதான் நீ கேட்ட அலை என்றார். அத்தோடு விட்டாரா? மந்தரம் இரண்டு தரம் அதிரும் நேரத்தில் பஞ்சமக் கம்பி ('ப') மூன்று தரம் அதிரும் இல்லையா, அதே கணக்கில்தான் புளூட்டோ சூரியனை இரண்டு சுற்று வருவதற்குள் நெப்டியூன் மூன்று சுற்று வருகிறதாம். ஆமாம், அவர் வானத்துக்கே போய்விட்டார். நான் ஃப்ரிட்ஜைப் பின்கட்டுக்குத் தள்ளச் சொன்னேன்.

குறை இல்லாமல் இல்லை. அனுஸாரணிக் கம்பியை முறுக்கும் பிருடை வழுக்குகிறது. சாக்பீஸ் பொடி தடவித்தான் நிறுத்துகிறேன். மழை நாளில் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் போகிறது. உறையின் ஜிப் இரண்டாம் மாதமே போய்விட்டது. பெட்டியைப் போலப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் முடியாது. அதனால் கச்சேரிக்குப் பெட்டி, வீட்டுக்குத் தம்புரா என்று வைத்திருக்கிறேன்.

கூரியரில் வரவழைக்காதீர்கள். நேரில் போய், உங்கள் கட்டையைச் சொல்லி, ஜீவாளி வைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கேளுங்கள். கிளம்பும்போது நூல் ஒரு கண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சும்மாவே கொடுத்தார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தப் பிருடைக்காக.