ஹட்டன்ல ஸ்கூல் விட்டப்புறம் பிள்ளைய விடுற இடம்: ஒரு வருசம் அனுப்பிட்டு எழுதுறேன்

5க்கு 4 ஸ்டார். பேர் போட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, இருக்கிற 14 பிள்ளைக்கே மேச போதல. டிக்கோயா போற ரோட்ல விசாரிச்சா காட்டுவாங்க. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்களும் அவங்க தங்கச்சியும் சொந்த வீட்டு முன் ஹோல்ல நடத்துறாங்க. ஒன்றரைல இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும், மாசம் 6,500 ரூபா, பகல் சோறு நாம கட்டிக் குடுக்கணும், நாலு மணி பிளேன்டீயும் ரொட்டியோ பிஸ்கட்டோ அவங்க பொறுப்பு.

நான் டவுன்ல துணிக்கடைல நிக்கிறேன். மகளுக்கு 8 வயசு. அவ அப்பா போய் மூணு வருசம், செத்துப் போகல, வெளிநாட்டுக்கும் போகல, விட்டுட்டுப் போயிட்டார் அவ்ளோதான். எங்கம்மா இன்னும் தேயிலை மலைக்குப் போறாங்க, கொழுந்து நிறுத்துட்டு லயத்து வீட்டுக்கு வந்து சேர அஞ்சு தாண்டிரும். சின்னதுல தோட்டத்துப் புள்ளக்காம்பரா இருந்திச்சு, வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள பாத்துக்கிற எடம், கவலையே இல்ல. ஸ்கூல்ல சேத்தப்புறம்தான் தலவலி, ஒன்றரைல இருந்து அஞ்சு மணி வரைக்கும் யார் பாக்கிறது? பக்கத்து காம்பரா அக்கா பாத்துக்கிறேன்னு சொன்னாங்கதான், ஆனா அவங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து சத்தம் போடுற நாள்ல இவ எங்க வீட்டுக்குள்ள போய் கொண்டிய போட்டுட்டு லைட்டும் போடாம உக்காந்திருந்திருக்கா, எனக்கே அது பல மாசம் கழிச்சுத்தான் தெரிய வந்திச்சு. அப்பா இல்லாத புள்ள கெட்டுப் போகும்னு கோயில்ல வச்சு சொன்னவங்க ஒருத்தராவது இந்த மூணு நாலு மணித்தியாலத்த பத்தி ஒரு வார்த்த கேட்டிருப்பாங்களா.

அந்த நேரம் குவைத் போறியான்னு ஏஜென்சி ஆள் ஒருத்தர் வந்தார். பிள்ள இருக்கிற பொம்பள போறதுக்கு குடும்பப் பின்னணி அறிக்க எடுக்கணும்னு இலங்கை அரசாங்கம் 2013ல கொண்டு வந்திச்சு, அப்ப 5 வயசுக்குக் கீழ பிள்ள இருந்தா போக ஏலாது, 2022ல அத 2 வயசுன்னு குறைச்சாங்க, ஆம்பளைக்கு இந்த அறிக்கையெல்லாம் கிடையாது, அது வேற கத. என் மகளுக்கு வயசு தாண்டிட்டதால எனக்கு சட்டத்துல தட இல்ல. பேப்பர் எல்லாம் எடுத்து பேக்ல போட்டும் வச்சிட்டேன். அந்த வாரம்தான் கடைல கூட வேல செய்ற பிள்ள இந்த எடத்த சொன்னா, சரி ஒரு மாசம் பாப்போம்னு விட்டேன், அந்தப் பேப்பர் இப்பவும் அலமாரி மேலதான் கிடக்கு.

டீச்சர் என்ன பெரிசா செஞ்சாங்கன்னு கேட்டா, பாடத்த விட ஒரு விசயம் சொல்றேன். மகள் அங்க எல்லார்கிட்டயும் "எங்க அப்பா கட்டார்ல இருக்கார், டிசம்பருக்கு வருவார்"னு சொல்லி வச்சிருக்கா. அந்தப் பிள்ளைங்கள்ல பாதிக்கு அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் வெளிநாடோ கொழும்போதான், அதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல, சொக்லட் கூட வரும். டீச்சருக்கு உண்ம தெரியும், ஆனா எல்லார் முன்னாலயும் திருத்தல. நான் கூப்பிடப் போன அன்னைக்கு வாசல் கேட் பக்கத்துல வச்சு மெதுவா சொன்னாங்க, "பொய்னு அடிச்சிறாத புள்ள. கட்டார்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க, அதான் சொல்றா. சொல்றதுக்கு வேற பதில் ஒண்ணு நீயே குடு." ரெண்டு நாள் யோசிச்சேன். காலைல தல வாரும்போது, அப்பா வேற எடத்துல இருக்கார், நாங்க அம்மாச்சியோட இருக்கோம், இவ்ளோ சொன்னா போதும் மகள்னு சொன்னேன். அவ ரிப்பன வாயில கடிச்சிக்கிட்டே "அதுக்கு மேல கேட்டா?"ன்னா. அதுக்கு மேல அம்மாகிட்ட கேக்கச் சொல்லுன்னேன்.

இன்னொண்ணு, நாலு வயசுல நின்ன படுக்கைல ஒண்ணுக்குப் போறது ஆறு வயசுல திரும்ப வந்திச்சு, நான் அடிச்சும் இருக்கேன், மறைக்க மாட்டேன். ஆறு மாசத்துக்கு மேல நின்னுட்டு திரும்ப வந்தா காரணம் தேடணும், கிளினிக்குக் காட்டுன்னு தொரத்துனது டீச்சர்தான். யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்சனும் இல்ல சுகரும் இல்ல, வீட்ல ஏதாவது மாற்றம் நடந்திச்சான்னு டொக்டர் கேட்டார், நான் அழுதுட்டேன். திட்டாதீங்க, ராத்திரி டீ குடுக்காதீங்கன்னார். இப்ப மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள்தான். பராமரிப்பு வழக்கு போடச் சொன்னதும் டீச்சர்தான், கல்யாணம் பதியலன்னு நான் சும்மா இருந்தேன், பதியாட்டியும் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்துப்படி பிள்ளைக்கு செலவு கேக்கலாமாம். மஜிஸ்ட்ரேட் கோர்ட்ல போட்டிருக்கு, காசு இன்னும் வரல. ஹோல் செவத்துல 1929 பெரிசா எழுதி ஒட்டியிருக்காங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நம்பர், சின்னதுங்களுக்குக்கூட மனப்பாடம்.

சரி ஏன் ஒரு ஸ்டார் குறைச்சேன். ஸ்கூல் லீவுன்னா இவங்களும் பூட்டிருவாங்க, நமக்கு ஆள் தேவப்படுறதே அப்பதானே! தீபாவளி வாரம் கட ராத்திரி 9 வரைக்கும், 6க்கு மேல ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் 100 ரூபா, அந்த வாரம் மட்டும் 2,400 கட்டினேன், மொதலாளிகிட்ட சொன்னா சிரிக்கிறார். சிங்களம் பாட்டு மாதிரி ஒப்பிக்க வைக்கிறாங்க, பேச வராது. மழ நாள்ல 14 சோடி ஈரச் சொக்ஸும் ஒரே கொடில தொங்கும், அந்த நாத்தம் ஹோல் முழுக்க.

ஜனவரிக்கு இடம் வேணும்னா இப்பவே போய் சொல்லி வைங்க, போன்ல சொன்னா எடுக்க மாட்டாங்க, பிள்ளையையும் கூட்டிட்டுப் போகணும். ரோட்ல இருந்து கீழ எறங்குற படி பாசி புடிச்சிருக்கு, ரப்பர் செருப்போட போகாதீங்க.